மூலக்கூறில் ஒளித்த ரகசியம்: வாசகர் கேள்வி பதில்

டி.என்.ஏ. மூலக்கூறில் கணினிக் கோப்புகளை எழுதிச் சேமிக்கும் முறையைப் பற்றி இப்பகுதியில் முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த பலரும், அப்படி எழுதியதைப் பிறர் கண்ணில் படாமல் காக்க முடியுமா என்றே ஆளுக்கொரு கோணத்தில் கேட்டிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அவற்றை ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: டி.என்.ஏ. என்பது மரபுப் பண்புகளைத் தாங்கும் பொருள் என்றுதான் பாடத்தில் படித்திருக்கிறோம். அதில் ஒரு கடிதத்தை எழுதுவது எப்படி? உயிருள்ள செல்லுக்குள்தான் எழுத வேண்டுமா? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

பதில்: உயிருள்ள செல் தேவையில்லை. டி.என்.ஏ. இழையை ஆய்வகத்தில் வேதிமுறையில் ஒவ்வோர் அலகாகக் கோத்து உருவாக்க முடியும். அப்படி உருவான இழைக்கு உயிரோடு எந்தத் தொடர்பும் இல்லை. அடினைன், சைட்டோசின், குவானைன், தைமின் என்ற நான்கு அலகுகளை ஏ, சி, ஜி, டி என்று சுருக்கிச் சொல்கிறோம். கணினிக்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள். அப்படிப்பட்ட ஓர் இலக்கத்தைப் பிட் என்றும், எட்டு பிட்டுகளைச் சேர்த்துப் பைட் என்றும் சொல்வார்கள். 00 என்றால் ஏ, 01 என்றால் சி, 10 என்றால் ஜி, 11 என்றால் டி என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டால், ஒவ்வோர் அலகும் இரண்டு பிட்டுகளைத் தாங்கும்; ஒரு பைட்டுக்கு நான்கு அலகுகள் போதும்.

'க' என்ற எழுத்தையே எடுத்துக்கொள்வோம். இணையத்தில் இன்று பெரும்பாலும் புழங்கும் யுடிஎஃப்-8 ஒருங்குறி முறையில் அது மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த 24 பிட்டுகளை மேற்சொன்ன ஒப்பந்தப்படி மாற்றினால் 'டிஜிஏஏ ஜிஜிடிஜி ஜிசிசிசி' என்ற பன்னிரண்டு அலகு வரிசை கிடைக்கும். 'கி' என்று எழுத மேலும் பன்னிரண்டு அலகுகள் வேண்டும். ஏனெனில் இகரக் குறியைக் கணினி தனியாக எண்ணுகிறது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

வரிசையின் கடைசியில் சி மூன்று முறை அடுத்தடுத்து வருகிறது, கவனித்தீர்களா? ஒரே அலகு நீளமாகத் தொடர்ந்து வந்தால் அதைப் படிக்கும் கருவி எண்ணிக்கையில் தடுமாறும். அதனால்தான் இங்கிலாந்தின் ஹிங்க்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் நிக் கோல்ட்மன் குழுவினர், 2013-இல் ஏறத்தாழ 739 கிலோபைட் தரவை டி.என்.ஏ.வில் எழுதியபோது, ஒரே அலகு அடுத்தடுத்து இருமுறை வரவே முடியாத ஒரு குறியீட்டை வகுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஹார்வர்டைச் சேர்ந்த ஜார்ஜ் சர்ச் குழுவினர், ஐம்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட ஒரு நூலையும் பதினொரு படங்களையும் ஒரு சிறு நிரலையும் இவ்வாறே எழுதிக் காட்டியிருந்தார்கள்.

கேள்வி: இதில் ரகசியச் செய்தியை முதன்முதலில் ஒளித்துக் காட்டியவர்கள் யார்? எப்படிச் செய்தார்கள்? (ஓய்வுபெற்ற தபால்துறை ஊழியர்)

பதில்: உங்கள் துறையும் இந்தக் கதையில் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய உளவாளிகள், தட்டச்சு செய்த ஒரு பக்கத்தைப் புகைப்பட முறையில் ஒரு முற்றுப்புள்ளி அளவுக்குச் சுருக்கி, அந்தப் புள்ளியைச் சாதாரணக் கடிதம் ஒன்றில் ஒட்டி அஞ்சலில் அனுப்பி வந்தார்கள். 1999-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கேத்தரின் கிளெலண்ட், விவியானா ரிஸ்கா, கார்ட்டர் பேன்கிராஃப்ட் ஆகியோர் அதே உத்தியை டி.என்.ஏ.வுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது ரிஸ்கா பள்ளி மாணவி என்பதை, முதல் கேள்வியைக் கேட்ட மாணவிக்காகவே சொல்கிறேன்.

அவர்கள் தேர்ந்துகொண்ட செய்தி, 1944-ஆம் ஆண்டுப் படையெடுப்பைக் குறிக்கும் 'ஜூன் 6 படையெடுப்பு: நார்மண்டி' என்பது. ஆங்கிலத்தில் இடைவெளியும் நிறுத்தக்குறியும் சேர்த்து 23 குறிகள் வரும் இச்செய்தியில், ஒவ்வொரு குறிக்கும் மூன்று அலகுகள் என்று ஒரு பட்டியல் வகுத்தார்கள். அது 69 அலகுகள் ஆயிற்று. அதன் இரு முனைகளிலும் இருபது இருபது அலகுகள் கொண்ட இரண்டு தனி வரிசைகளைச் சேர்த்து 109 அலகு நீள இழை ஒன்றைத் தயாரித்தார்கள். பிறகு அதே அளவில் துண்டாக்கிய மனித டி.என்.ஏ. துணுக்குகளின் பெருங்கூட்டத்தில் அந்த இழையைக் கலந்து, ஒரு சொட்டை வடிதாளில் ஊறவைத்து, புள்ளியளவு வெட்டி, கடிதத்தில் அச்சிட்ட முற்றுப்புள்ளியின் மேல் ஒட்டி அஞ்சலில் அனுப்பினார்கள்.

பெறுபவர் அதை எப்படிப் படிப்பார்? கொரோனா காலத்தில் எல்லோர் காதிலும் விழுந்த பி.சி.ஆர். என்ற முறைதான் அதற்கும் பயன்பட்டது. பி.சி.ஆர். வினை ஒரு இழையைத் தானாகப் பெருக்கிவிடாது. இழையின் இரு முனைகளிலும் பொருந்தக்கூடிய பிரைமர் என்ற சிறு தொடக்க இழைகளை நாம் கொடுத்தால், அவை பொருந்தும் இழை மட்டுமே சுற்றுக்குச் சுற்று இரட்டித்துப் பெருகும். முப்பது சுற்றுகளில் ஒன்று 107 கோடியாகிவிடும். ஆகவே முனை வரிசைகள் இரண்டையும் முன்கூட்டியே அறிந்தவர், புள்ளியை வெட்டி எடுத்துப் பிரைமர்களைச் சேர்த்தால், துணுக்குக் கூட்டம் அப்படியே கிடக்க, செய்தி இழை மட்டும் பெருகி மேலே வரும். அந்த வரிசைகளை அறியாதவர் கையில் இருப்பது வெறும் புள்ளி. இருபது அலகுகளில் ஏறத்தாழ 1,10,000 கோடி வரிசைகள் சாத்தியம் என்பதால், இரண்டு பிரைமர்களையும் குருட்டாம்போக்கில் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: அப்படியானால் இது உடைக்கவே முடியாத பாதுகாப்பு அல்லவா? ஏன் இன்னும் அரசுகளும் வங்கிகளும் இதைப் பயன்படுத்தவில்லை? (மென்பொருள் பொறியாளர்)

பதில்: உடைக்க முடியாதது அல்ல. இந்தத் துறையைப் பற்றி ஊடகங்களில் வரும் செய்திகளில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்த ஒரு குழப்பம்தான். ஆகவே சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஒரு பொருளை ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு. நெற்குதிருக்குள் நகையைப் புதைப்பது ஒளிப்பது. இரும்புப் பெட்டியில் வைத்துச் சாவியை எடுத்துக்கொள்வது பூட்டுவது. குதிருக்குள் நகை இருக்கிறது என்ற சந்தேகம் திருடனுக்கு வராதவரைதான் முதல் முறை பயன்படும். 1999-ஆம் ஆண்டு ஆய்வு ஒளிப்பதில் மிக நேர்த்தியான சாதனை. ஆனால் பூட்டு என்ற அளவில் அது பலவீனமானது.

அந்தப் பலவீனத்துக்கு முதல் காரணம் காலம். மனித மரபுத்தொகுதியை முதன்முறையாகப் படித்து முடிக்க 1990 முதல் 2003 வரை பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. இன்று அதே வேலை ஓரிரு நாட்களில் முடிகிறது. ஆகவே புள்ளியைக் கைப்பற்றியவர் பிரைமர்களை ஊகிக்கவே வேண்டாம்; அதில் உள்ள எல்லாத் துணுக்குகளையும் அப்படியே படித்துவிடலாம். மனித டி.என்.ஏ.வின் வரிசை இப்போது பொதுவெளியில் இருப்பதால், படித்தவற்றில் மனித வரிசையோடு பொருந்துபவற்றை எல்லாம் கணினியைக் கொண்டு கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது ஒளித்து வைத்த செய்திதான். எது பாதுகாப்பு என்று நினைத்தோமோ, அந்த வைக்கோற்போரே ஊசியைக் காட்டிக்கொடுத்துவிடும். மனித டி.என்.ஏ.வுக்குப் பதிலாகச் செய்தி இழையைப் போலவே தோன்றும் போலி இழைகளைக் கலந்தால் இந்தத் தாக்குதல் கடினமாகும் என்பது உண்மை. ஆனாலும் அதுவும் ஒளிப்பதே.

இரண்டாம் காரணம் மொழி சார்ந்தது. ஒரு குறிக்கு எப்போதும் ஒரே மூன்று அலகுகள் என்றால், அது எழுத்துக்கு எழுத்து மாற்றி எழுதும் பழைய முறைதான். அடிக்கடி வரும் எழுத்து எது என்று எண்ணிப் பார்த்தே அதை அவிழ்த்துவிடலாம். நமது 'க' வரிசையை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளும் குறிகளும் எல்லாமே ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதால், எந்தத் தமிழ் எழுத்தை மாற்றினாலும் முதல் ஏழு அலகுகள் 'டிஜிஏஏ ஜிஜிடி' என்றுதான் வரும். எட்டாவது அலகு ஜி அல்லது டி என்ற இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். எழுத்துக்கு எழுத்து வேறுபாடு பெரும்பாலும் கடைசி நான்கு அலகுகளில்தான். இப்படி எழுதிய தமிழ்க் கடிதத்தை யார் படித்தாலும், பன்னிரண்டு அலகுக்கு ஒருமுறை அதே தொடக்கம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, இது இயற்கையான டி.என்.ஏ. அல்ல என்பதை உடனே உணர்ந்துவிடுவார். ஒருங்குறி அறிந்தவராக இருந்தால் மொழியையும் சொல்லிவிடுவார்.

செய்தியைச் சாவி கொண்டு பிறருக்குப் புரியாதபடி மாற்றும் கலையான மறையாக்கவியலில் 1883-இல் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் வகுத்த ஒரு விதி இன்றும் நிற்கிறது: சாவியைத் தவிர மற்ற எல்லாம் எதிரிக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் செய்தி பாதுகாப்பாக இருக்க வேண்டும். டி.என்.ஏ. என்ற ஊடகம் அரிதாக இருப்பதையோ, அதைப் படிக்கும் கருவி விலை உயர்ந்ததாக இருப்பதையோ பாதுகாப்பு என்று எண்ணினால் அந்த விதியை மீறுகிறோம். ஆகவே செய்தியை முதலில் கணினியிலேயே ஏ.இ.எஸ். போன்ற சோதித்துத் தேறிய முறையில் மறையாக்கம் செய்துவிட்டு, அதன் பிறகே அலகுகளாக மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிச் செய்தால் வரிசையில் எந்த ஒழுங்கும் தென்படாது. மேலே சொன்ன 'டிஜிஏஏ' தொடக்கமும் மறைந்துவிடும்.

கேள்வி: டி.என்.ஏ.வே சாவியாக இருக்க முடியாதா? (கணிதப் பேராசிரியர்)

பதில்: முடியும், எனக்கு மிகவும் பிடித்த யோசனையும் இதுதான். 1917-இல் கில்பர்ட் வெர்னாம் தொடங்கி வைத்த வழியில் உருவான 'ஒருமுறைச் சாவி' என்ற முறையில், செய்தி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குத் தற்செயலான எழுத்துகளால் ஆன சாவியை வைத்துக்கொண்டு, செய்தியின் ஒவ்வோர் எழுத்தோடும் சாவியின் ஓர் எழுத்தைக் கூட்டுவார்கள். சாவி உண்மையிலேயே தற்செயலானதாகவும் ரகசியமாகவும் இருந்து, ஒருமுறைக்கு மேல் பயன்படாதவரை, எவ்வளவு வலிமையான கணினியாலும் அதை உடைக்க முடியாது என்று கிளாட் ஷானன் 1949-இல் நிறுவினார். அவ்வளவு நீளமான சாவியை இருவரும் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் நடைமுறைத் தொல்லை. ஆஷிஷ் கெஹானி, தாமஸ் லாபீன், ஜான் ரீஃப் என்ற மூவர் 1990-களின் இறுதியில், ஒரு துளி டி.என்.ஏ.வே அத்தகைய மாபெரும் சாவித் தொகுப்பாக இருக்கலாமே என்று எழுதினார்கள். வேதிமுறையில் அலகுகளைக் கோக்கும்போது ஒவ்வோர் இடத்திலும் நான்கு அலகுகளையும் கலந்து ஊற்றினால், எந்த அலகு சேரும் என்பது தற்செயலாகவே அமையும். ஆகவே தற்செயல் வரிசைகள் கோடிக்கணக்கில் மலிவாகக் கிடைத்துவிடும். அவற்றில் நான்கு அலகுகளும் சரிசமமாக வரா. அந்தச் சாய்வைக் கணக்கிட்டு நீக்கிய பிறகே சாவியாகக் கொள்ள வேண்டும்.

ஆனால் இதிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. டி.என்.ஏ. படியெடுக்கவென்றே அமைந்த மூலக்கூறு. சாவி இருக்கும் குப்பியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவை ஒருவர் உறிஞ்சி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனால், எடுத்ததைப் பி.சி.ஆர். முறையில் வேண்டிய அளவு பெருக்கிக்கொள்ளலாம். குப்பியின் உரிமையாளருக்குத் திருட்டு நடந்ததே தெரியாது. ஒளித்துகள்களைக் கொண்டு குவாண்டம் முறையில் சாவி அனுப்பும்போது இடையில் ஒருவர் அளந்து பார்த்தால் அந்தச் செயலே தடயத்தை விட்டுச் செல்லும்; டி.என்.ஏ.வில் அப்படி எந்தத் தடயமும் மிஞ்சாது. ஆகவே குப்பியைக் கையில் வைத்திருப்பவர் நேர்மையானவர் என்ற நம்பிக்கை இந்த முறைக்கு இன்றியமையாதது.

கேள்வி: புரதம், நுண்ணுயிரி போன்றவற்றிலும் ரகசியம் வைக்கிறார்களா? (செவிலியர்)

பதில்: வைத்துக் காட்டியிருக்கிறார்கள். 2011-இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வால்ட் குழுவினர், ஏழு வெவ்வேறு நிறங்களில் ஒளிரும் புரதங்களை உண்டாக்கும் ஏழு வகை ஈ.கோலை பாக்டீரியாக்களைப் புள்ளி புள்ளியாக அச்சிட்டார்கள். இரண்டு நிறங்கள் சேர்ந்தால் ஓர் எழுத்து. ஏழேழு நாற்பத்தொன்பது குறிகளுக்கு அது போதுமானது. உங்களுக்குப் பழக்கமான நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இங்கே சாவியாகிறது. சரியான மருந்து கலந்த ஊடகத்தில் வளர்த்தால் உண்மையான செய்தி ஒளிரும். தவறான மருந்தில் வளர்த்தால் வேறு செய்தி தோன்றும். 2019-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர், புரதத்தின் சிறு துண்டுகளான பெப்டைடுகளின் எடை வேறுபாட்டையே இலக்கங்களாகக் கொண்டு தரவை எழுதி, நிறைமானி கொண்டு படித்தார்கள். இவற்றுள் முதலாவது மனத்தைக் கவரும் செயல்விளக்கம். இரண்டாவதற்குச் சேமிப்பு என்ற வகையில் எதிர்காலம் இருக்கிறது.

கேள்வி: எத்தனை காலம் கெடாமல் இருக்கும்? (ஆவணக் காப்பகப் பணியாளர்)

பதில்: அது வைக்கும் இடத்தைப் பொறுத்தது. ஈரமும் வெப்பமும் டி.என்.ஏ.வின் எதிரிகள். நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா என்ற பறவையின் எலும்புகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வு, அந்தச் சூழலில் டி.என்.ஏ.வின் பிணைப்புகளில் பாதி உடைவதற்கு 521 ஆண்டுகள் ஆகும் என்று கணித்தது. அதே வேளையில் கிரீன்லாந்தின் உறைநிலத்திலிருந்து இருபது லட்சம் ஆண்டுப் பழைமையான டி.என்.ஏ. துணுக்குகளை எடுத்துப் படித்ததாக 2022-இல் அறிவித்தார்கள். சூரிச் நகரின் இ.டி.எச். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கிராஸ் குழுவினர் 2015-இல், சுவிட்சர்லாந்தின் 1291-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சாசனத்தையும் ஆர்க்கிமிடீசின் நூல் ஒன்றையும் டி.என்.ஏ.வில் எழுதி, நுண்ணிய சிலிக்கா மணிகளுக்குள் அடைத்தார்கள். 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு வாரம் வைத்த பிறகும் பிழைதிருத்தக் குறியீட்டின் உதவியோடு முழுவதையும் மீட்டார்கள். மத்திய ஐரோப்பாவின் சூழலில் அது ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்குச் சமம் என்பது அவர்கள் கணக்கு.

ஆவணம் காப்பவர் என்ற முறையில் நீங்கள் இதைக் கேட்டு மகிழலாம். ரகசியம் காப்பவருக்கோ இந்த நீண்ட ஆயுளே கவலை தரும். ஒரு மறையாக்க முறை இன்று வலிமையாக இருப்பது, அது ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வலிமையாக இருக்கும் என்பதற்கு உறுதியாகாது. பூட்டும் சாவி எல்லோருக்கும் தெரிய, திறக்கும் சாவி மட்டும் ரகசியமாக இருக்கும் பொதுச்சாவி முறைகளில் இன்று புழங்குபவற்றுள் முக்கியமானவற்றைப் போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி உடைத்துவிடும் என்பதை 1994-இல் பீட்டர் ஷோர் கணித அளவில் காட்டிவிட்டார். அழியாத பொருளில் எழுதிய ரகசியத்தை, பூட்டு பழுதாகும்வரை காத்திருந்து திறக்க யாராலும் முடியும். நூற்றாண்டுகள் நிற்க வேண்டிய ரகசியத்துக்குக் குறைந்தது 256 பிட் நீளமுள்ள சமச்சீர்ச் சாவியையே (பூட்டவும் திறக்கவும் ஒன்றே பயன்படும் சாவி) பரிந்துரைப்பேன்.

கேள்வி: தேவை முடிந்ததும் அழிப்பது எப்படி? (வழக்கறிஞர்)

பதில்: கையில் இருக்கும் குப்பியை அழிப்பது எளிது. துணி வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலும் டி.என்.ஏ.வைச் சிதைக்கும், டி.என்.ஏஸ் என்ற நொதி துண்டுதுண்டாக வெட்டும். இதைவிட நுட்பமான வழி ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். உண்மைச் செய்தியையும் பொய்ச் செய்தியையும் ஒரே குப்பியில் கலந்து, உண்மை இழைகளின் மேல் மட்டும் ஒரு சிறு அடையாள இழையை ஒட்டி வைத்தார்கள். 95 டிகிரி வரை சில நிமிடங்கள் சூடாக்கினால் அடையாள இழைகள் கழன்றுவிடும். அதன் பிறகு எது உண்மை, எது பொய் என்று பிரிக்கவே முடியாது. ஆனால் முன்பே யாரேனும் படி எடுத்திருந்தால் இவற்றில் எதுவும் பயன்படாது. அழித்துவிட்டோம் என்று நீதிமன்றத்தில் உறுதி கூறுவதற்கு, மறையாக்கச் சாவியை அழித்ததற்கான சான்றே குப்பியை அழித்ததற்கான சான்றைவிட வலுவானது.

கேள்வி: உயிருள்ள உடலிலேயே ரகசியத்தை வைத்துக்கொண்டு நடமாட முடியுமா? (கல்லூரி மாணவர்)

பதில்: நுண்ணுயிரிகளில் செய்திருக்கிறார்கள். 2010-இல் கிரெய்க் வென்டர் குழுவினர் வேதிமுறையில் தயாரித்த மரபுத்தொகுதியைக் கொண்ட பாக்டீரியாவில், ஆய்வாளர்களின் பெயர்களையும் சில மேற்கோள்களையும் ஓர் இணைய முகவரியையும் அடையாள முத்திரையாக எழுதிவைத்தார்கள். 2017-இல் ஜார்ஜ் சர்ச்சின் ஆய்வகம், ஓடும் குதிரையின் ஒரு சிறு அசைபடத்தை உயிருள்ள ஈ.கோலை பாக்டீரியாக்களில் பதித்தது. மனித உடலில் இதைச் செய்யக் கூடாது என்பதே என் பதில். ஒருவரின் மரபணுவில் செய்திக்காகக் கை வைப்பது மருத்துவ அறத்துக்கு எதிரானது. அதோடு, உங்கள் செல்களை நீங்கள் தொடும் பொருளில் எல்லாம் உதிர்த்துக்கொண்டே போகிறீர்கள். அத்தகைய உடலை ரகசியப் பெட்டி என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: டி.என்.ஏ.வைக் கொண்டே நமது கடவுச்சொற்களை உடைத்துவிடுவார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அஞ்ச வேண்டுமா? (வங்கி ஊழியர்)

பதில்: அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஆர்.எஸ்.ஏ. மறையாக்க முறையை உருவாக்கிய மூவரில் ஒருவரான லியோனார்ட் ஏடில்மன், 1994-இல் டி.என்.ஏ. இழைகளைக் கொண்டு, ஏழு புள்ளிகளையும் ஒருமுறை மட்டுமே தொட்டுச் செல்லும் பாதையைக் கண்டுபிடிக்கும் கணக்கைச் சோதனைக்குழாயில் தீர்த்துக் காட்டினார். கோடானுகோடி இழைகள் ஒரே நேரத்தில் வினைபுரிவதால், எல்லாச் சாவிகளையும் ஒரே வீச்சில் சோதிக்கலாமே என்ற எண்ணம் உடனே பிறந்தது. அக்காலத்தில் பரவலாகப் புழங்கிய, 56 பிட் சாவி கொண்ட டி.இ.எஸ். மறையாக்க முறையை ஏறத்தாழ ஒரு கிராம் டி.என்.ஏ.வால் உடைக்கலாம் என்று ஏடில்மனும் உடனுழைத்தவர்களும் கணித்தார்கள். அதற்கு அவசியமில்லாமல், 1998-இல் ஒரு மின்னணுப் பொறியே அதை 56 மணி நேரத்தில் உடைத்துவிட்டது.

இன்றைய நிலையை நீங்களே கணக்கிடலாம். 128 பிட் சாவி என்றால் சாவிக்கு ஓர் இழை, இழைக்குக் குறைந்தது 64 அலகுகள். அத்தனை இழைகளையும் தயாரிக்க ஏறத்தாழ 12 லட்சம் கோடி டன் டி.என்.ஏ. வேண்டும். 256 பிட் சாவிக்கு நம் பால்வெளி மண்டலம் முழுவதையும் டி.என்.ஏ.வாக மாற்றினாலும் போதாது. கடவுச்சொல் களவு போவது எளிதில் ஊகிக்கத்தக்க சொல்லை வைப்பதாலும், அதைப் பிறரிடம் ஏமாந்து சொல்லிவிடுவதாலும்தான்.

கேள்வி: இப்போதைய நிலையில் இது எதற்குத்தான் பயன்படும்? எழுதித் தரும் நிறுவனங்களை நம்பலாமா? (சிறுதொழில் முனைவோர்)

பதில்: அன்றாடச் செய்திப் பரிமாற்றத்துக்கு இது பயன்படாது. 2017-இல் யானிவ் எர்லிக், டினா ஜிலின்ஸ்கி ஆகியோர் ஒரு கிராமில் 215 பெட்டாபைட் (ஒரு பெட்டாபைட் என்பது பத்து லட்சம் ஜிகாபைட்) எழுதத்தக்க அடர்த்தியை எட்டினார்கள். ஆனால் அவர்கள் உண்மையில் எழுதிய 2.14 மெகாபைட்டுக்கு எழுதும் செலவு மட்டுமே ஏறத்தாழ 7,000 டாலர், படிக்க மேலும் 2,000 டாலர். அரிதாகவே திறக்க வேண்டிய, அளவில் சிறிய, மிக மதிப்புள்ள தகவலுக்கு இது பொருந்தும்; பெரிய காப்பகத்தின் மறையாக்கச் சாவி ஓர் எடுத்துக்காட்டு. பொருளின் அசல் தன்மையை உறுதிசெய்யும் முத்திரையாகப் பயன்படுத்துவதில் எனக்கு இதைவிட அதிக நம்பிக்கை உண்டு. 2020-இல் எர்லிக்கும் கிராஸும், சிலிக்கா மணிகளில் அடைத்த டி.என்.ஏ.வை நெகிழியில் கலந்து, முப்பரிமாண அச்சில் ஒரு முயல் பொம்மையைச் செய்தார்கள். பொம்மையின் ஒரு சிறு துணுக்கைக் கிள்ளினால் அதன் வரைபடக் கோப்பே கிடைத்தது. அதைக் கொண்டு மறுபடியும் முயலைச் செய்தார்கள்.

நிறுவனங்களைப் பற்றி நீங்கள் கேட்டது மிக நல்ல கேள்வி. ஆராய்ச்சிக் கட்டுரைகளே இதை எளிதில் கடந்துபோய்விடுகின்றன. டி.என்.ஏ.வைத் தயாரிக்க ஆணை கொடுக்கும்போது முழு வரிசையையும் நிறுவனத்திடம் எழுத்தில் கொடுக்கிறீர்கள். நோய்க்கிருமி வரிசைகளை யாரும் தயாரித்துவிடக் கூடாது என்பதற்காகப் பல நிறுவனங்கள் வரும் ஆணைகளைப் பொதுநலன் கருதிச் சோதிக்கவும் செய்கின்றன. ஆகவே உங்கள் ரகசியத்தை முதலில் படிக்கக்கூடியவர் அதை எழுதித் தருபவரே. மறையாக்கம் செய்யாத எதையும் ஆணையாக அனுப்பாதீர்கள்.

கேள்வி: ஆய்வகம் இல்லாத பள்ளியில் மாணவர்களுக்கு இதை எப்படிக் கற்பிப்பது? (அறிவியல் ஆசிரியை)

பதில்: தாளும் பென்சிலும் போதும். ஏ என்றால் 0, சி 1, ஜி 2, டி 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் தம் பெயரின் முதல் எழுத்தை, உயிர்க்குறி இருந்தால் அதை விட்டுவிட்டு, பன்னிரண்டு அலகுகளாக மாற்றட்டும். நான்கு அலகுகளையும் துண்டுத்தாள்களில் எழுதி ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு திரும்பப் போடுவதைப் பன்னிரண்டு முறை செய்தால் சாவி கிடைத்துவிடும். செய்தி அலகையும் சாவி அலகையும் கூட்டி, நான்கும் அதற்கு மேலும் வந்தால் நான்கைக் கழித்துவிட வேண்டும். எடுத்துக்காட்டாக டியும் ஜியும் சேர்ந்தால் ஐந்து. நான்கைக் கழித்தால் ஒன்று, அதாவது சி. சாவியை அறிந்த தோழர் அதே அலகுகளைக் கழித்துச் செய்தியை மீட்கட்டும். பிறகு அதே சாவியை வேண்டுமென்றே இரண்டாம் செய்திக்கும் பயன்படுத்தச் சொல்லி, இரண்டு மறைசெய்திகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாவி மறைந்து, தமிழ் எழுத்துகளின் பொதுவான தொடக்கம் 'ஏஏஏஏ ஏஏஏ' என்று வரிசையாக வந்து நிற்கும். ஒருமுறைச் சாவியை ஏன் ஒருமுறைக்கு மேல் தொடக் கூடாது என்பதை அந்த ஏழு ஏக்கள் விளக்கிவிடும்.

வகுப்பில் பயிற்சிக்காகச் சாவி போடாத ஒரு தமிழ்ச் சொல்லை இங்கே தருகிறேன். இடமிருந்து வலமாக முதல் பதிலில் சொன்ன ஒப்பந்தப்படியே படிக்க வேண்டும். விடையை அடுத்த இதழில் வெளியிடுவேன்.

டிஜிஏஏ ஜிஜிடிஜி ஜிஜிடிஜி
டிஜிஏஏ ஜிஜிடிஜி ஜிடிஏசி
டிஜிஏஏ ஜிஜிடிடி ஜிஏஜிஏ